வீட்டுக்குக் கொடுத்த பெயர்

மூன்றாம் லயம், கேமரன் மலை
9.9.2025

அன்பு மகன் குணாளனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலமாகத்தான் இருக்கிறோம், அப்பாவின் கால் மட்டும் மழை வருவதை நமக்கு முன்னால் தெரிந்துகொண்டு முனகுகிறது. அங்கே மீரியில் நீ நலமா, வெல்டிங் வேலை முடித்து வந்து அப்படியே சுருண்டு படுத்துவிடாமல் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசாமல் இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுகிறாய், இது அப்படி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் நான் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

தங்கச்சிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது உனக்குத் தெரியும். கோலாலம்பூருக்குப் பக்கத்தில், அரசாங்கப் பல்கலைக்கழகம், கெமிஸ்ட்ரி. அப்பாவுக்கு டிசம்பரில் அறுபது முடிகிறது, தேயிலை ஃபேக்டரி கேட்டில் காவல் நிற்கிற ஜாகா வேலையும் அதோடு முடிகிறது. வேலை முடிந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைச் சாவியோடு ஒப்படைக்க வேண்டும், குடும்பத்தில் இன்னொருவர் பெயர் தோட்டத்து ஆட்கள் பேரேடான செக்ரோலில் ஏறினால்தான் வீடு நிற்கும். இந்த லயத்தில் பிறந்த உனக்கு நான் சொல்லவா வேண்டும். எல்லா வீட்டிலும் செய்வதுபோல அப்பா ஜனவரியிலேயே ஆபீசுக்குப் போய்த் தங்கச்சி பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார், என்னையும் கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை. படித்த பிள்ளைதானே, ஆபீசிலேயே கணக்கு எழுதுகிற கிராணி வேலை தருகிறேன் என்று துரை சொன்னதில் இவருக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கு அவ்வளவு பெரிய இடத்தில் இடம் கிடைக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். வெளியே போய் இருக்கலாம் என்றால் பிரிஞ்சாங்கில் வாடகைக்கு விட்ட வீடெல்லாம் ஹோம்ஸ்டே ஆகிவிட்டது. உன்னிடம் வந்துவிடச் சொன்னாய், உன் கம்பெனி அறையில் நீங்கள் நாலு பேர் காலை மடக்கித்தான் படுக்கிறீர்கள், அதில் நாங்கள் எங்கே வருவது.

போன மாதம் போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. நான் போகலையே, செத்தா போயிட்டேன், அவளும் இருந்து வீட்டப் பாக்கட்டும் என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பா மோட்டார் சைக்கிளோடு விழுந்து, கால் முறிந்து, வேலையில்லாமல் கிடந்தபோது உனக்கும் இதே பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் இடம் வந்தது. வீடு போய்விடும் என்று உன் பெயரைக் கொடுத்தோம். இரண்டரை வருஷம் ஃபேக்டரியில் இலை அள்ளிப் போட்டாய், அப்பா எழுந்து நடந்து ஜாகாவாகச் சேர்ந்த பிறகுதான் மீரிக்குப் போனாய். உன் கோபம் நியாயமானது. ஆனால் அதைத் தங்கச்சி மேல் இறக்காதே, அவளுக்கு அன்று ஒன்பது வயது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இடத்தை ஒப்புக்கொள்ள ஒரு வாரம்தான் இருந்தது. நானே தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு தானா ராத்தாவில் காலை பஸ் ஏறினேன். உண்மையைச் சொன்னால், குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன். இந்த இடம் ஆகாது என்று நாலு காரணம் கிடைத்தால் அவளே மனம் மாறிவிடுவாள், வீடும் நிற்கும், வம்பும் இல்லை என்று நினைத்தேன். திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கிற சிங்காரம் அண்ணனின் மகள் வசுமதி அங்கே இரண்டாம் வருஷம், பஸ் ஸ்டேஷனுக்கே வந்து எங்களைக் கூட்டிப்போனாள். முதல் குற்றம் வெயில், பத்து நிமிஷத்தில் ரவிக்கை நனைந்துவிட்டது. இரண்டாவது குரங்கு, கேண்டீன் வாசலில் என் கையிலிருந்த பன்னை உரிமையோடு வாங்கிக்கொண்டு போனது, பிள்ளைகள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். மூன்றாவது டீ. நம் ஃபேக்டரியில் தரையைக் கூட்டி அந்தத் தூளில் போட்டால்கூட அதைவிட நன்றாக இருக்கும். அதோடு என் குற்றப் பட்டியல் முடிந்துவிட்டது குணா. நாலாவது கிடைக்கவே இல்லை.

எவ்வளவு பெரிய இடம் தெரியுமா, நம் தோட்டத்தின் கீழ் டிவிஷன், மேல் டிவிஷன் இரண்டையும் சேர்த்தாலும் காணாது, உள்ளேயே பஸ் ஓடுகிறது, உள்ளேயே ஏரி இருக்கிறது. லைப்ரரியில் ஒரு மாடி முழுக்கப் பிள்ளைகள், சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, நம் பிள்ளை என்று ஒரே மேசையில் படிக்கிறார்கள், சிலது புத்தகத்தின் மேலேயே தூங்குகிறது, யாரும் எழுப்பி விரட்டவில்லை. நான் வேலை பார்த்த டீக்கடைக்குச் சனி ஞாயிறு கூட்டமாக வந்து ஸ்கோன் தின்றுவிட்டுத் தேயிலைக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்களே, அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று அன்றுதான் பார்த்தேன். லேபுக்கு உள்ளே விடவில்லை, கண்ணாடிக் கதவு வழியாகத்தான் பார்க்கலாம். தங்கச்சி அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்று, மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்க மங்கத் துப்பட்டாவால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். இன்னொன்று சொல்ல வேண்டும். அங்கே எங்களோடு பேசியவர்கள் ஒருவரும் எந்த லயம், யார் மகள் என்று கேட்கவில்லை. என்ன கோர்ஸ் என்று மட்டும்தான் கேட்டார்கள். கெமிஸ்ட்ரி என்று தங்கச்சி முதலில் வாய்க்குள்ளேயே சொன்னாள். மூன்றாவது ஆள் கேட்டபோது தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

சாயங்காலம் வசுமதி எங்களைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனாள், ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பாதிப் படிப்பு வகுப்பில், பாதிப் படிப்பு டவுன்ல ஆண்ட்டி என்று சொல்கிறாள். வார நாளில் ஒரு மத்தியானம் மருந்து கம்பெனி லேபில் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஒரு தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார்கள், நாடகம், கண்காட்சி எது நடந்தாலும் ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இங்கே ஆறு மணிக்குப் பனி இறங்கி நம்மை வீட்டுக்குள் தள்ளிவிடுகிறது, அங்கே ஆறு மணிக்குத்தான் ஊரே புறப்படுகிறது. பிரிக்பீல்ட்ஸில் இலைச் சாப்பாடு சாப்பிட்டோம், ரசம் சுமார்தான், அப்பளம் நன்றாக இருந்தது. எனக்கு ஐம்பத்தொரு வயது குணா, எனக்கே அங்கே சேர்ந்து எதையாவது படிக்கலாம் போலிருந்தது. போன இடத்திலெல்லாம் உன்னைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தேன். அந்த லைப்ரரியில், அந்தக் கேண்டீனில், அந்த ரயிலில். அப்பளத்தைக் கடிக்கும்போது அழுகை வந்துவிட்டது, மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் திரும்புகிற பஸ்ஸில் மலை வளைவு ஆரம்பித்ததும் தங்கச்சி சொன்னாள், நான் போகலைன்னாலும் பரவால்லம்மா, அதான் பாத்துட்டேன்ல. நீயும் அன்று பரவால்லம்மா என்றுதான் சொன்னாய். அடுப்படியில் நின்றுகொண்டு சொல்லிவிட்டு, இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னாய், நானும் பிள்ளை நன்றாகத்தான் சாப்பிடுகிறான் என்று நம்பிவிட்டேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பரவாயில்லை என்று சொல்வதற்கு நாங்கள்தான் பழக்கிவிட்டோம்.

அடுத்த நாள் காலை முதல் வேலையாக ஆபீசுக்குப் போனேன். கொடுத்த பெயரைத் திருப்பி வாங்கினால் வீட்டைக் காலி செய்ய எத்தனை மாதம் தருவார்கள் என்று கேட்கத்தான் போனேன், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஈசா பாயின் மகள் ஷஹீதாதான் இப்போது அங்கே கிராணி, நல்ல பிள்ளை. அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மலாயில் எழுதியிருந்த தாளை வாசித்துப் பார்த்துவிட்டு, ஆண்ட்டி, இதுல பிள்ளைன்னு எங்கயுமே போடலையே, குடும்பத்துல ஒரு ஆளு, அம்பத்தஞ்சு வயசுக்குள்ளன்னுதான் இருக்கு, நீங்களே வரலாம் லா என்றாள். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. புது ரூலா என்று கேட்டேன். அவள் தாளின் அடியில் தேதியைப் பார்த்துவிட்டு, இல்ல ஆண்ட்டி, நான் பொறக்கறதுக்கு முன்னாடி டைப் பண்ணது என்றாள். நான் அப்படியே அங்கிருந்த பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிள்ளை பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.

உனக்குப் புரிகிறதா ஐயா? உனக்கு இடம் வந்தபோது எனக்கு நாற்பது வயது. கைகால் திடமாக இருந்தேன். திரிங்காப்பில் பூ அடுக்கிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன், அதை விட்டுவிட்டு வந்து என் பெயரைக் கொடுத்திருந்தால் இந்த வீடு நின்றிருக்கும், நீ போயிருப்பாய். நம்மை யாரும் ஏமாற்றவில்லை, யாரும் மறைக்கவும் இல்லை, அந்தத் தாள் அன்றும் அதே அலமாரியில்தான் இருந்திருக்கிறது. அப்பன் பெயருக்குப் பிறகு பிள்ளை பெயர், லயத்தில் எல்லாரும் அப்படித்தான் கொடுத்தார்கள், நாங்களும் அப்படியே கொடுத்தோம். ஒரு வீட்டிலும் பெண்டாட்டி பெயரைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. கொடுக்கலாமா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும். பெற்றவள் நான் கேட்டிருக்க வேண்டும். இதைத்தான் போனில் சொல்ல முடியவில்லை.

ஆபீசுக்குப் போன அன்றே என் பெயரைக் கொடுத்துவிட்டேன். டீக்கடை கான்ட்ராக்டரிடம் இருப்பதால் அந்த வேலை தோட்டத்துச் செக்ரோலில் சேராது, அதனால் கடையை விட்டுவிட்டேன். ஆபீஸ் வேலைக்கு என் படிப்பு போதாது, கொழுந்து பறிக்க மலைக்குத்தான் அனுப்பினார்கள். ஒரு காலத்தில் கொழுந்து பறித்து, இனி மலை ஏறமாட்டேன் என்று சபதம் போட்டு இறங்கியவள் மறுபடியும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஏறுகிறேன். இன்றோடு ஏழு நாள் ஆகிறது. கத்தரி பிடித்துக் கட்டை விரலில் கொப்புளம், அட்டை ஒன்று பழைய ஆளைப் பார்த்த மாதிரி வந்து ஒட்டிக்கொண்டது. கூட இருப்பவர்கள் முக்கால்வாசி பங்களாதேஷ் ஆட்கள், என்னை அக்கா என்கிறார்கள், கூடை நிறைந்தால் மேட்டுக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள். என்னைப் பெரிய தியாகி ஆக்கிவிடாதே, கடையில் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே நிற்பதற்கு இது தேவலை. அப்பாவிடம் அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார், அது ஓடி நாலு வருஷம் ஆகிறது. மறுநாள் அவரே துரையிடம் போய்த் தங்கச்சி பெயரை எடுத்துவிட்டு வந்தார். துரை ஓக்கே என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். இதைக் கேட்கப் பயந்துதான் இவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். தங்கச்சி வெள்ளிக்கிழமை இடத்தை ஒப்புக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

அவளுக்கு அடுத்த மாதம் நாலாம் தேதி, சனிக்கிழமை பதிவு. கேட்டில் அப்பாவுக்கு மாற்று ஆள் இல்லை, எனக்குப் புதிய ஆள் என்று லீவு கிடையாது. நீ வர வேண்டும். தீபாவளிக்கு எடுக்கிற லீவில் இரண்டு நாளை முன்னால் எடு. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் முதலில் நுழைய வேண்டியவன் நீ. கோபம் இருந்தால் கோபத்தோடே வா, அந்த லைப்ரரியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நான் போனை வைக்கமாட்டேன். வேலை செய்துகொண்டே படிக்கிறவர்களுக்கும் அங்கே வகுப்பு இருக்கிறது என்று வசுமதி சொன்னாள், கேட்டு வாங்கி வந்த தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். வற்புறுத்தவில்லை. முப்பத்தொரு வயது ஒரு வயதா என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

தோட்டத்து மாரியம்மன் உன் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும், நீ நினைத்தது ஒவ்வொன்றாக உனக்குக் கைகூடட்டும். கண்ணாடி போடாமல் வெல்டிங் பிடிக்காதே. நாலாம் தேதியை மறக்காதே, விமான டிக்கெட்டை இப்போதே பார். வரும்போது தங்கச்சிக்கு ஒன்றும் வாங்க வேண்டாம், நல்லதாக ஒரு குடை மட்டும் வாங்கி வா, அங்கே மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
திலகா நாகப்பன்
செக்ரோல் நம்பர் 418