கயிட்ஸ் என்று பெயர் வைத்த இயந்திரம்

மாஸ்ரர்,

இன்று காலை குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவு வள்ளத்துக்குக் காத்திருந்தபோது, புதுக் கைப்பேசியில் ஈமெயில் மென்பொருளை ஏற்றினேன். ஏற்றினேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒருதரம் தொட்டேன், அவ்வளவுதான். கையிலிருந்த பால் விடாத பிளேன்ரீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்து, தமிழில் வரவேற்பு வேறு சொன்னது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் குத்தலாக எதையாவது எழுதிக் காட்டியிருப்பீர்கள். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கிவிட்டது.

ஊர்காவற்றுறைச் சனசமூக நிலையத்தின் பின்னறையில் இருந்த அந்தப் பழைய யுனிக்ஸ் கணினி இயந்திரத்தை நினைத்துக்கொண்டேன். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கழித்துவிட்டதை ஊர்ச் சங்கத்தார் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். சண்டை ஓய்ந்திருந்த காலம். வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும் மாலை போடாத குறையாக வரவேற்றார்கள். வரவேற்றபின் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சேலைத் துண்டால் மூடி வைத்தார்கள். கொழும்பில் கணினிப் பிரிவொன்றில் பல வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய என்னிடம் நிலையத்தை ஒப்படைத்தபோது, அந்த மூட்டையையும் சேர்த்தே என் தலையில் கட்டினார்கள்.

நான் வந்தபோது உங்கள் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. தொண்டையில் புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்துத் துளையை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு, கையில் ஒரு சிலேட்டோடு பேப்பர் வாசிக்க வருவீர்கள். ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆள் நீங்கள். குரல் போயிருந்ததே தவிர கதை குறையவில்லை. முதல்நாளே எனக்கு எழுதிக் காட்டியது இது: "பேப்பரைப் பிந்திப் போட்டா மனுசர் எப்ப வாசிச்சு, எப்ப சண்டை பிடிக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமைகளில் நோர்வேயிலிருந்து உங்கள் மகள் நிலையத்துக்குத் தொலைபேசி எடுப்பாள். உங்களுக்குப் பிடிக்காத கலியாணத்தைச் செய்துகொண்டு போனவள். போன புதிதில் அவளோடு கதைக்க மறுத்தது நீங்கள்தான். கோபம் ஆறி, கதைக்கலாம் என்று மனம் வந்தபோது உங்களிடம் குரல் இல்லை. அது அவளுக்குத் தெரியாது.

"அக்கா, அப்பா நிக்கிறாரோ?" என்பாள்.

"இல்லைப் பிள்ளை, இப்பத்தான் வெளிக்கிட்டவர்" என்பேன்.

றிசீவரை நம் இருவருக்கும் நடுவில் பிடித்திருப்பேன். நீங்கள் குனிந்து கேட்டுக்கொண்டு நிற்பீர்கள். மூச்சுக்கூடக் கழுத்தால் போனதால், அங்கே இன்னொரு மனிதர் நிற்பது அவளுக்குத் தெரிய வழியே இல்லை. சொல்லிவிடட்டுமா என்று எத்தனையோ தரம் கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் எழுதினீர்கள்: "என்ர குரல் போனதை நான்தான் அவளுக்குச் சொல்ல வேணும்."

அப்படியான ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள்: "அப்பாவுக்கு என்னோட கதைக்க விருப்பமில்லை எண்டு விளங்குது அக்கா. நாங்கள் வீடு மாறுறம். நான் இனி எடுக்கேல்லை. மனம் மாறினா இந்த ஈமெயிலுக்குப் போடச் சொல்லுங்கோ." ஈமெயிலை மட்டும் சொல்லி, புது வீட்டு விலாசத்தைக் கேட்க முன்னரே தொலைபேசியை வைத்துவிட்டாள். கைக்கு எட்டியது உங்கள் சிலேட்டுத்தான். ஈமெயில் முகவரியை அதில் எழுதினேன். அன்று முழுக்க நீங்கள் அதை அழிக்கவேயில்லை.

யாழ்ப்பாணத்தில் அப்போது இன்ரநெற் கடைகள் வந்துவிட்டன. ஆனால் அந்தத் தெருத் தூசியில் பஸ் ஏறக்கூடாது என்று டொக்டர் உங்களைத் தடுத்திருந்தார். நான் கொண்டுபோய் அனுப்புகிறேன் என்றேன். "நீர் அடிச்சா அது உம்மட கடிதம்" என்று எழுதினீர்கள். எந்தத் துணிவில் சொன்னேனோ தெரியாது, "அப்ப இந்த மெஷினிலயே போடுவம் மாஸ்ரர்" என்றுவிட்டேன்.

அதன்பின் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். முதலில் கிடைத்த ஈமெயில் மென்பொருள் இறுவட்டு இயந்திரத்தை விட வயதில் இளையது. இயந்திரம் அதை உள்ளே விடவே மறுத்தது. கொழும்பிலிருந்த பழைய சகாவிடம் கெஞ்சிப் பழைய பதிப்பை எடுப்பித்தேன். அதை ஏற்ற இடமில்லை. யாரோ வெள்ளைக்கார மாணவர்கள் விட்டுப்போன விளையாட்டுகளை அழித்து இடம் பிடித்தோம். பாதியில் மின்சாரம் போகும், திரும்ப அடியிலிருந்து தொடங்குவோம். திரையில் வரும் பிழைச் செய்திகளை வாசித்துவிட்டு, "பிழை சொல்ல வந்த வசனத்திலயே இலக்கணப் பிழை" என்று எழுதுவீர்கள். எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வரும்.

ஒருவழியாக மென்பொருள் திறந்தது. ஆனால் எதை அனுப்பினாலும் திரும்பி வந்தது. அனுப்பும் இயந்திரம் யாரென்று தெரியவில்லையாம். இந்த மாதிரி இயந்திரத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். அது இரண்டு கோப்புகளில் அச்சொட்டாக ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் நான் அடித்தேன். நான் தேத்தண்ணி போடப் போன நேரம் மற்றதில் நீங்கள் அடித்தீர்கள். இருவரும் ஆங்கில எழுத்தில் ஊரின் பெயரைத்தான் அடித்திருந்தோம். திரும்பத் திரும்பப் பார்த்தோம். என் கண்ணுக்கும் சரி, உங்கள் கண்ணுக்கும் சரி. வயர்களைக் கழற்றி மாட்டினோம், தொலைபேசிக் கம்பியில் மாட்டிய மொடெமைத் துடைத்தோம், தொலைபேசிக் கந்தோரைக்கூடத் திட்டினோம்.

கடைசியில் என் கோப்பை எழுத்தெழுத்தாக நான் வாசிக்க, நீங்கள் சிலேட்டில் எழுதினீர்கள். நடுவில் கை நின்றது. ஊர்காவற்றுறையில் வரும் 'ற்று'வுக்கு நான் அரசாங்கக் கந்தோர் முத்திரையில் கண்டபடி இரண்டு ஆங்கில 'ரீ' (T) போட்டிருந்தேன். நீங்களோ ஊரார் வாயால் சொல்லுகிறபடி ஒரு 'ரீ'யும் ஒரு 'ஆர்' (R) எழுத்தும் போட்டிருந்தீர்கள்.

"ஊரின்ர பேரை இப்பிடியோ எழுதுறது?"

"கந்தோரில இப்பிடித்தான் மாஸ்ரர்."

"கந்தோருக்கு ஏது நாக்கு?"

எதை மாற்றினாலும் வேலை முடியும். ஆனாலும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னேரம் வரை பிடிவாதம். பிறகு திடீரென்று மகளை நினைத்துக்கொண்டீர்கள் போலும், எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழுதினீர்கள்: "கயிட்ஸ் எண்டு வையும். பறங்கியள் எங்கட ஊருக்கு வச்ச பேர். நீரும் தோற்கேல்லை, நானும் தோற்கேல்லை."

வைத்தேன். இயந்திரம் தன்னை அறிந்துகொண்டது.

தமிழ் எழுத்து அதில் இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழை ஒற்றை விரலால் அடித்தீர்கள். நீளமாக அடித்தீர்கள், பிறகு முழுவதையும் அழித்தீர்கள். கடைசியாக மிஞ்சியதைப் பிழை பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டீர்கள்.

"மகள், என்ர கோவம் எப்பவோ போயிட்டுது. பிறகு குரலும் போயிட்டுது. அதுதான் கதைக்கேல்லை."

நான் ஒன்றையும் திருத்தவில்லை. நீங்களே அனுப்பினீர்கள். அடுத்தநாள் மொடெம் கத்தி ஓய்ந்ததும் பதில் வந்திருந்தது. ஒரேயொரு கேள்வி: "அப்பா, நான் ஞாயிற்றுக்கிழமை எடுக்கேக்க நீங்கள் பக்கத்தில நிண்டனீங்களோ?" ஓம் என்று அடிக்க உங்களுக்கு வெகுநேரம் பிடித்தது. நான் வெளியே போய்ப் பேப்பர்களை அடுக்குவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

அதன்பிறகு நீங்கள் இருவரும் எவ்வளவு எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியாது. அது என் வேலையில்லை. போன கிழமை நீங்கள் போய் ஒரு வருடமான ஆட்டைத் திவசத்துக்கு அவள் வந்திருந்தாள். எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறாள். குசினி அடுப்படியில் உட்கார்ந்து சிலதை எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசிக்கும்போது தன்னை அறியாமல் குரலைத் தடிப்பாக்கி, சொல்லின் கடைசியைக் கொஞ்சம் இழுத்தாள்.

"ஏன் பிள்ளை இப்பிடி வாசிக்கிறீர்?" என்றேன்.

"அப்பா இப்பிடித்தானே அக்கா கதைப்பார்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் அப்பான்ர குரலைக் கேக்கவே இல்லையோ?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன். இத்தனை வருடம் உங்களோடு சண்டை பிடித்திருக்கிறேன், ஒருநாளும் உங்கள் குரலைக் கேட்டதில்லை. அவள் தாள்களைப் புரட்டி, நீங்கள் என்னைப் பற்றி எழுதிய ஒன்றைத் தேடி எடுத்தாள். என் பெயரைச் சொல்லி, எனக்குப் பிடிவாதம் கூட என்று குறை சொல்லித்தான் எழுதியிருந்தீர்கள். அதை முதலிலிருந்து கடைசிவரை உங்கள் குரலில் வாசித்தாள்.

நீங்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும், மாஸ்ரர்.