அளந்து பிரித்த டிரான்சிஸ்டர்கள்

கவாகுச்சி,
ஏப்ரல் 11

அன்புள்ள நெமோட்டோ சான்,

நலம்தானே? நாகாஓகாவில் பனி கரைந்துவிட்டதா? சொல்ல வேண்டியவை மூன்று. வழக்கம்போல் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

1. தேடிய டிரான்சிஸ்டர் கிடைத்துவிட்டது.
2. உங்கள் பாதி இத்துடன் வருகிறது.
3. நீங்கள் அவற்றை அளக்க வேண்டியதில்லை.

அகிஹபாராவில் மகோமே அம்மாள் கடையில்தான் கிடைத்தது. உற்பத்தி நின்றுபோன சரக்கு, பதினாறுதான் மிச்சம். போலியாக இருக்குமோ என்று பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே நின்றேன். "சீக்கிரம் சொல்லுங்க வாத்தியாரே, டிரான்சிஸ்டருக்கே வயசாயிடப் போவுது" என்றார். பக்கத்தில் நின்றவர் இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். நீங்களும் நானும் அறுநூறு வோல்ட்டைக் காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிற ஆட்கள் என்று அம்மாள் விளக்கினார். கேட்டவர் சற்று விலகி நின்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அளந்தாயிற்று. உங்களுக்கு அந்த வேலை மிச்சமில்லை. இருவரின் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் பெட்டிகளும் முடிந்ததும் ஒரே மேஜையில் வைத்துக் கேட்போம்.

தங்கள்,
கடகிரி


நாகாஓகா,
மே 20

அன்புள்ள கடகிரி சான்,

பெட்டி முடிந்தது. பாடுகிறது. ஆனால் சூடேறியதும் இரண்டு பக்கமும் நிலை நழுவுகிறது. பூஜ்யத்தில் நிற்க வேண்டிய மீட்டர் முள் நாற்பது வோல்ட் வரை போகிறது. திருப்பித் திருப்பிச் சரிசெய்தும் நிற்கவில்லை.

என் கைதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆயுளெல்லாம் பிறர் வாய்க்குள் ஊசி போட்ட பல் வைத்தியனின் கை, இப்போது பற்றவைக்கும்போது நடுங்குகிறது. என் மனைவி சச்சியே பார்த்துவிட்டு, "நடுங்குற கைக்கு நாய்க் கயிறு போதும், நடந்துட்டு வாங்க. அறுநூறு வோல்ட்டு வேணாம்" என்கிறாள். சிரித்தேன். ஆனாலும் இதோடு பற்றவைப்புக் கோலைக் கட்டி வைத்துவிடலாமா என்று தோன்றுகிறது.

உங்கள் பெட்டி அசையாமல் நிற்கிறது என்று தொலைபேசியில் சொன்னீர்களே. நான் எதையாவது கவனிக்காமல் விட்டேனா? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.

நெமோட்டோ


கவாகுச்சி,
மே 27

அன்புள்ள நெமோட்டோ சான்,

பற்றவைத்த இடங்களை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள். மின்தடைகளையும் சோதிக்கலாம். இங்கே மழை தொடங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடகிரி


கவாகுச்சி,
ஜூன் 8

அன்புள்ள நெமோட்டோ சான்,

எல்லா இணைப்பையும் மறுபடி பற்றவைத்தீர்கள், விரலைச் சுட்டுக்கொண்டீர்கள், பற்றவைப்புக் கோலை மகளிடம் கொடுத்தனுப்பப் போகிறீர்கள் என்று சச்சியே அம்மாள் நேற்றுத் தொலைபேசியில் சொன்னார். "நீங்களாவது சொல்லிப் பாருங்க, ஆளு சாப்பிட மாட்டேங்கிறாரு" என்றார். 

உங்கள் கையில் குற்றமில்லை. அளவு ஒத்து ஜோடி ஜோடியாகச் சேராத டிரான்சிஸ்டர்கள் சூடானால் அப்படித்தான் நழுவும். அந்தப் பதினாறில் ஒன்றுக்கொன்று சரியாகச் சேர்ந்தவை எட்டு. எட்டையும் நான் வைத்துக்கொண்டேன். ஒன்றோடொன்று சேராத எட்டை உங்களுக்கு அனுப்பினேன். நல்லவற்றை ஆளுக்கு நான்காகப் பிரிக்கலாம் என்று மேஜைமேல் அடுக்கியும் பார்த்தேன். அப்புறம், நெமோட்டோவுக்கு என்னைவிட வயது கூட, காதில் வித்தியாசம் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் கேட்டபோதுகூடப் பற்றவைத்ததைப் பார்க்கச் சொன்னேன். அதை எழுதிய கை நடுங்கவில்லை என்பதுதான் எனக்கு வெட்கம்.

என் பெட்டியிலிருந்து எட்டையும் கழற்றி இத்துடன் அனுப்புகிறேன். அவற்றின் கம்பிக் கால்கள் குட்டையாகிவிட்டன, மன்னியுங்கள். பற்றவைப்புக் கோலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எனக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கில்லை.

கடகிரி


நாகாஓகா,
ஜூன் 19

கடகிரி சான்,

ஏப்ரலில் முதல் பொட்டலம் வந்த அன்றே நான் அளந்துவிட்டேன். அளக்காத உறுப்பைப் பெட்டிக்குள் வைக்க நமக்கு மனம் வருமா? உங்களுக்கு வராது, எனக்கும் வராது. எட்டில் எதுவும் எதோடும் சேரவில்லை. பதினாறுமே அப்படித்தான் போலிருக்கிறது, கடகிரிக்கும் இதே கதிதான் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் பெட்டி அசையவில்லை என்று நீங்கள் சொன்ன அன்று விஷயம் புரிந்தது. அதன் பிறகுதான் என் கையைப் பற்றி எழுதினேன். நீங்களே சொல்ல ஒரு வழி வைத்தேன். நீங்கள் மழையைப் பற்றி எழுதினீர்கள். தெரிந்தும் நீங்கள் சொன்னபடியே எல்லாவற்றையும் மறுபடி பற்றவைத்தேன். அந்த வாரம் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கை நடுங்குவதும் உண்மைதான். அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

இப்போது அனுப்பிய எட்டில் நான்கை இடது காதுக்கு வைத்துக்கொண்டேன். நான்கைத் திருப்பி அனுப்புகிறேன், உங்கள் வலது காதுக்குச் சேராதவற்றில் நான்கும் கூட.

நெமோட்டோ


கவாகுச்சி,
ஜூலை 2

அன்புள்ள நெமோட்டோ சான்,

எட்டையும் பொருத்திவிட்டேன். என் பெட்டியிலும் இப்போது இடது காது நிற்கிறது, வலது காது நழுவுகிறது. அப்படியே தினமும் கேட்கிறேன்.

மகோமே அம்மாளுக்கு அதே டிரான்சிஸ்டர் இன்னொரு பெட்டி நிறையக் கிடைத்திருக்கிறது. "ரெண்டு பேருக்கும்தானே வாத்தியாரே, எப்பவும்போல நீங்களே பிரிச்சுக்கிறீங்களா?" என்று கேட்டார். கடையில் கூட்டம் இருந்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. மொத்தத்தையும் நேரே உங்கள் முகவரிக்கே அனுப்பச் சொன்னேன். பிரிப்பது நீங்கள். எனக்கு வருவது எதுவானாலும் பொருத்திக்கொள்வேன்.

ஏப்ரலில் மூன்று விஷயங்கள் எழுதினேன். முதல் இரண்டும் சரி. மூன்றாவது தவறு. நான் அனுப்புவதை நீங்கள் அளக்கத்தான் வேண்டும்.

கடகிரி