சுவரைப் பார்த்த நாற்காலி

ஜூன் 26, வியாழன். திருவேங்கடம்

இன்றைக்கும் செவ்வந்தி சாப்பிடவில்லை. காலையில் அரை இட்லி. அதையும் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து என் சேலையில் துப்பினாள். இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. ‘எடை சரியாத்தான் இருக்கு, நீங்கதான் இளைச்சிட்டீங்க’ என்று டாக்டர் சிரிக்கிறார். அவருக்கென்ன.

நாளைக்குக் குற்றாலம். இவருக்கு லீவு முடிய இரண்டு வாரம்கூட இல்லை. அப்புறம் ராணுவம், பனி, வராத போன். ‘ரெண்டு நாளாவது அடுக்களப் பக்கம் போகாம, ஓட்டல்ல உக்காந்து சாப்பிடு உமா’ என்கிறார். சரி என்று சொல்லிவிட்டு சத்துமாவு டப்பாவைப் பையில் வைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி. குற்றாலம்

நல்ல சாரல். ஐந்தருவியில் இவர் மட்டும் குளித்தார். நான் பிள்ளையை மூடிக்கொண்டு தூரத்திலேயே நின்றேன்.

மத்தியானம் ஓட்டல் சாப்பாட்டு அறை. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அந்தப் பக்கம் மலை. கோன் ரோஸ்ட் வந்தது. தட்டில் கூம்பாக நின்ற தோசையைச் செவ்வந்தி தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். பிறகு தின்றாள்! அவளே பிய்த்து, அவளே! நெய் முழங்கை வரை வழிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் பார்த்தேன். பக்கத்து மேஜையில் ஒரு தம்பதி, கடையநல்லூர்க்காரர்கள் என்று பேச்சில் தெரிந்தது. அந்தம்மாவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்கள் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘மாஷா அல்லாஹ்! எப்படித் திங்குது பாருங்க’ என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தார்.

திங்கிற பிள்ளையை இப்படியா வாய்விட்டுச் சொல்லுவாங்க?

சாயங்காலம் வாந்தி.

‘கண்ணுதான்’ என்றேன். ‘ஏட்டி, இத்தனூண்டு வயித்துல முழு நெய் ரோஸ்ட்டு போனா வாந்தி எடுக்காம வாழ்த்துப்பாவா பாடும்? நீயெல்லாம் மைக்ரோபயாலஜி படிச்சவ’ என்றார் இவர்.

படித்தேன்தான். ஆனாலும் கீழே போன் போட்டு ஒரு கை உப்பு கேட்டேன். கொண்டு வந்தவர் ஏன் என்று கேட்கவில்லை. நம்ம பக்கத்து ஆள். பிள்ளையைச் சுற்றி, குளியலறையில் கரைத்து ஊற்றினேன்.

ஜூன் 28, சனி

எப்படி எழுத. எழுதாமல் தூக்கம் வராது.

காலையில் அதே மேஜைகள். அந்தம்மா செவ்வந்தியைப் பார்த்துக் கையாட்டினார். இவளும் ஆட்டினாள். வாயில் வைத்த இட்லியைத் துப்பினாள். நான் எழுந்து சூப்பர்வைசர் இசக்கிமணியிடம் போனேன். ‘அண்ணாச்சி, அந்தம்மா பாத்தாலே பிள்ளைக்கு ஆக மாட்டேங்கு. நேத்து ஒரே வாந்தி. அவங்கள வேற எங்கனயாவது உக்காரச் சொல்லுங்க.’

‘மேடம், நீங்க வேணா அந்தப் பக்கம்...’

‘நாங்கதான முதல்ல வந்தோம்?’

அதையும் சொன்னேன். மெதுவாகப் பேசியதாகத்தான் நினைப்பு. அவர் நகர்வதற்குள் அந்தம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மூலை மேஜைக்குப் போய், நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

‘என்ன மாஜிதா, மலையப் பாக்கத்தான வந்தோம்?’ அவர் வீட்டுக்காரர்.

‘அங்கன சாரக்காத்து அடிக்குதுங்க. ஒத்துக்கல.’

எல்லாம் மூடின கண்ணாடி. ஒரு பொட்டுக் காற்று வராது. என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

இவர் பாதித் தோசையோடு எழுந்து போய்விட்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மத்தியானம் மிஸ்ரியாவுக்குப் போன் போட்டேன். ஹாஸ்டலில் மூன்று வருஷம் ஒரே ரூம். நான் சொன்னது சரிதான் என்று யாராவது சொல்லணும் போலிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள், ‘அடிப்பாவி. கண்ணு பட்றக் கூடாதுன்னுதாண்டி நாங்க மாஷா அல்லாஹ் சொல்லுவோம். சொல்லாம விட்டாத்தான் எங்க உம்மா திட்டும்.’

என் மார்க்கைப் பார்த்து, என் முடியைப் பார்த்து மிஸ்ரியா எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ஒரு தடவையாவது என்னவென்று கேட்டேனா?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர்கள் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். எல்லா மேஜையும் காலி. அந்தம்மா மூலையில், சுவரைப் பார்த்து. நான் தள்ளியிருந்த மேஜையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

கிளம்பும் முன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தம்மாவின் மூலை மேஜைக்குப் போனேன். ‘அக்கா’ என்றேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. ‘நான் பாக்கலம்மா’ என்றார்.

இதைக் கேட்கவா போனேன்?

‘ஐயோ, அதுக்கில்லக்கா. தெரியாமப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க.’

‘எதுக்கும்மா பெரிய வார்த்தையெல்லாம்? பெத்தவளுக்குப் பயம் இருக்கத்தான செய்யும். வாந்தி நின்னுச்சா?’

நின்றுவிட்டது என்றேன். செவ்வந்தி அவர் முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் விடுவித்தார். காலைத் தடவிக்கொடுத்தார். முகத்தை மட்டும் கடைசி வரை பார்க்கவே இல்லை. பிள்ளை குனிந்து குனிந்து அவர் கண்ணைத் தேடினாள்.

வண்டியில் இவர், ‘போய்ப் பேசினியே, அது போதும்’ என்றார். போதாது. எனக்குத் தெரியும்.

ஜூலை 8, செவ்வாய். திருவேங்கடம்

இவர் நேற்று கிளம்பியாச்சு.

சாயங்காலம் பிள்ளைக்கு ரசம் சோறு வைத்தேன். எதிர்வீட்டு உலகம்மாள் மதினி உறைமோர் கேட்டு வந்தாங்க. தட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கிட்டாங்க. ‘பிள்ள சாப்பிடுதா? நீ ஊட்டு, நான் பொறவு வாரேன்.’

மதினி எப்பவும் இப்படித்தான். பக்கத்து வீட்டு ரத்தினம் அக்காவும். மரியாதைன்னு நினைச்சிருந்தேன்.

எத்தன நாளா எல்லாரும் எம் வாசல்ல முகத்தத் திருப்பிக்கிட்டு நிக்காங்க? யாரு பழக்கினது? நான்தானே.

‘உள்ள வாங்க மதினி.’ வந்தாங்க. உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தாங்க.

‘பிள்ளையப் பாருங்க.’

‘இருக்கட்டும் உமா, சாப்பிட்டு முடிக்கட்டும்...’

‘பாருங்க மதினி.’ தட்டை அவங்க பக்கம் நகர்த்தினேன்.

மெதுவாகத் திரும்பினாங்க. செவ்வந்தி முழங்காலில் சோற்றை அப்பிக்கொண்டிருந்தாள். மதினி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்புறம் அவளைப் பார்த்துச் சிரிச்சாங்க. ‘ஏ கழுத, வாய் எங்கன இருக்குன்னு தெரியாதா?’

எனக்குப் பயமாத்தான் இருந்தது. உறைமோர் எடுத்து வாரேன்னு அடுக்களைக்குப் போனேன். கிண்ணத்தில் ஊற்றி ரொம்ப நேரமாச்சு. உடனே வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் அவங்க ரெண்டு பேரும் தனியா இருக்கட்டும்.