நாயிடம் சொன்ன சேதி

டார்வின் நகரத்தில் இருக்கும் என் செல்ல மகளே,

மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசக்கூடாத நம் ஊரில், பிள்ளைகளின் ஆமை முகாமை நடத்த என்னையும் உன் புருஷனையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் புத்திசாலி யாரென்று தெரிந்தால் சொல்! ஐந்து நாளாக எங்கள் நாய்தான் தபால்காரன்.

நேற்று மாப்பிள்ளை வண்டியை ஈர மணலில் நிறுத்திவிட்டு, முட்டைக் குழிகளுக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தார். "ஏய் நாயே, கடல் ஏறுது, வண்டிக்காரர்கிட்ட சொல்லு!" என்று கத்தினேன். காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. நாய் வாலை ஆட்டியது. வண்டி சக்கரம் மறையப் புதைந்தது.

பதினாலு வயசு மெர்க்கிதான் கையைத் தட்டினாள். "பெரியவங்க ரெண்டு பேரும் ஓரமா நில்லுங்க! நீங்க நாயோட பேசி முடிச்சதும் கூப்பிடுறோம்."

பன்னிரண்டு பிள்ளைகளும் அவள் சொன்னபடி பலகை போட்டு, கயிறு கட்டி, கூச்சலும் பாட்டுமாக வண்டியைக் கரையேற்றிவிட்டார்கள். நான் சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் சிரித்தார், முதுகு குலுங்கியது தெரிந்தது.

உனக்கும் அவருக்கும் நடந்த சண்டையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. தேநீர் போடும்போது ஒரு கோப்பை அதிகமாக எடுத்து வைக்கிறார், அவ்வளவுதான்.

இன்று காலை, உன்னைக் கேட்காமலே, நாயிடம், "வெள்ளிக்கிழமை விமானத்துல அவ வர்றா" என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை காற்றே இல்லை.

இப்படிக்கு,
பொய் சொல்லிப் பழக்கமில்லாத
உன் அம்மா