தூசிதான் என்று சொல்லிவிட்டுப் போனவனுக்கு

நெய்வேலி, 2010

அன்பான கலியமூர்த்தி மாப்ளே,

முகமூடியைக் கழற்றலாம் என்று சொல்லிவிட்டார்கள். நீ இருந்திருந்தால் முதல் ஆளாகக் கழற்றி பஸ் ஜன்னல் வழியே வீசியிருப்பாய். நான் இதைக்கூட முகமூடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஏனென்று சொல்கிறேன், சிரிக்காதே.

பன்றிக் காய்ச்சல் அடங்கிவிட்டதாம். மைன்ஸ் கேட்டில் ஆளை நிறுத்திக் காய்ச்சல் பார்த்த மேசையை எடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் மறுபடியும் தோளோடு தோள். சாப்பாட்டு டப்பாக்களும் பழையபடி நடுவுக்கு வந்துவிட்டன. உன் வீட்டு மீன் குழம்பு மட்டும் வருவதில்லை.

புது நோட்டீஸை நான்தான் உரக்கப் படித்தேன். பத்தாவதை இரண்டு தரம் எழுதியவன் என்கிற மரியாதை. முகமூடி கட்டாயமில்லை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இருமலோடு காய்ச்சலும் இருந்தால் ஷிப்டுக்கு வராமல் டாக்டரைப் பாருங்கள். முடிப்பதற்குள் நம் ஷிப்டு பக்கிரி குறுக்கே வந்தான்.

"யோவ் வைத்தி, இருமுறவன்லாம் வூட்டுல குந்திக்கினா கரிய யாருய்யா வெட்டறது, டாக்டரா?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எல்லோரும் இருமினோம்.

அதுதானே நம் வம்பு, மாப்ளே? வேறு ஊர்க்காரன் இருமினால் பயப்படுவான். நமக்குத்தான் கரித்தூசி இருக்கிறதே, எந்த இருமலையும் அதன் தலையில் கட்டிவிடலாம். போன மழையில் நீயும் கட்டினாய். "தூசிதான் மச்சான், வெல்லத்தக் கடிச்சா போயிடும்" என்றாய். உள்ளே உடம்பு கொதித்தது யாருக்குத் தெரியும்? ஒருத்தராவது உன் நெற்றியில் கை வைத்திருந்தால்?

உன் பெண்டாட்டி அஞ்சலை இப்போது கரி ஓடுகிற பெல்ட்டுக்குக் கீழே சிந்தினதைக் கூட்டுகிற கான்ட்ராக்ட் வேலைக்கு வருகிறாள். போன வாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். என்னம்மா என்று கேட்டேன்.

"தூசிண்ணே. வெல்லம் வச்சிருக்கேன்."

உன் பேச்சு அவள் வாயிலிருந்து வருகிறது.

"நான் நோட்டீஸ் படிச்சது காதுல வுழலயா? வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போங்கண்ணே. நீங்க படிச்சதுல பாதி நீங்களே அடிச்சு வுட்டது. ஒரு நாள் வரலன்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுக்குவாரு."

அதட்டல் பலிக்கவில்லை. மேஸ்திரியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்து, வேறு வழியில் பார்த்தேன். "எனக்குத்தாம்மா ஒடம்பு முடியல. ஊசின்னா பயம். தொணைக்கு வாயேன்" என்றேன். இரண்டு இருமல் இருமியும் காட்டினேன். முறைத்துக்கொண்டே வந்தாள்.

முதலில் இவளைப் பாருங்கள் என்றேன். டாக்டரம்மா அவளைச் சோதித்துவிட்டு, வெறும் சளிதான், காய்ச்சல் இல்லை என்றார். வந்த வேலை முடிந்தது என்று நான் எழுந்தேன். "நீங்க எங்க போறீங்க?" என்று என் வாயில் தெர்மாமீட்டரைச் செருகினார். பார்த்தார். உதறிவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"இவ்ளோ காய்ச்சலோட ஷிப்டு பாத்தீங்களா?"

அஞ்சலை என் நெற்றியில் புறங்கையை வைத்தாள். "அடப் பாவி அண்ணே, நெருப்பாட்டம் கொதிக்குது! நீங்க நடிக்கறீங்கன்னுல்ல நெனச்சேன்!"

நானும் அப்படித்தான் நினைத்தேன், மாப்ளே. உடம்பு அசந்து கிடந்ததை வயசு என்று நினைத்தேன். இருமலை என்னவென்று நினைத்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கெல்லாம் படித்துக் காட்டிய நோட்டீஸ் என் காதில் மட்டும் விழவில்லை.

உன்னைக் கொண்டுபோன அதே காய்ச்சல்தான். சீக்கிரம் வந்துவிட்டீர்கள், மாத்திரையிலேயே அடங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. குவார்ட்டர்ஸில் எல்லோரும் முகமூடியைக் கழற்றிவிட்டார்கள், நான் ஒருவன்தான் கட்டிக்கொண்டு உள் அறையில் கிடக்கிறேன். மகள் கவிதா சாப்பாட்டுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு எட்டி நின்று, "கை கழுவுனியாப்பா?" என்று வாத்தியார் மாதிரி கேட்கிறாள். பக்கிரியும் டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டு வந்தானாம். யாருக்கும் சொல்லாதே.

நேற்று அஞ்சலை மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். எத்தனை மாதம் கழித்து! என் நாக்குக்குத்தான் ருசி தெரியவில்லை. இருந்தாலும் சட்டியை வழித்துவிட்டேன்.

தேறி ஷிப்டுக்குப் போனதும் யார் இருமினாலும் முதலில் நெற்றியில் கை வைப்பேன், மாப்ளே. கழுவிய கையைத்தான். தூசி என்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

உன் மச்சான்,
அஞ்சலைக்குத் துணையாகப் போனதாகச் சொல்லிக்கொள்ளும் அண்ணன்,
வைத்தி