அத்தான் குடிப்பாரா?

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். கேட்காமல் தொடங்கவும் எனக்குத் தெரியவில்லை. போனை நீ எடுப்பதில்லை. ஆள் அனுப்பினால், "எதுன்னாலும் எழுத்துல குடுக்கச் சொல்லுங்க, வாயால சொன்னா நாளைக்கு மாத்திடுவான்" என்று திருப்பி அனுப்புகிறாய். சரி, எழுதுகிறேன்.

தேர்தல் வந்துவிட்டது. தலைமை மறுபடியும் எனக்கே இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் இந்த முறை காற்று எங்கள் பக்கம் இல்லை. பஸ் டெப்போவைத் தனியாருக்குக் கொடுத்தது, கட்டணம் ஏறியது, பாதி ஊருக்கு வண்டி போகாதது, எல்லாவற்றுக்கும் என் தலைதான் உருளுகிறது. "சொந்த அக்காளே கூட நிக்கலையே, நாம எதுக்கு நிக்கணும்?" என்று எதிர்க்கட்சிக்காரன் தெருத்தெருவாகக் கேட்கிறான்.

கடைத்தெருவில் பெரிய கூட்டம் ஏற்பாடாகிறது. நீ மேடைக்கு வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும். பேச வேண்டாம், நின்றால் போதும். அம்மா போன பிறகு என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வளர்த்தவள் நீ. அந்த உரிமையில் கேட்கிறேன்.

அத்தான் கண் விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். உன் மகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அன்புத் தம்பி

ஜனவரி 15

சின்னவனுக்கு,

கடிதம் வந்தது. எழுத்து இன்னும் கோணல்தான். உன் கையைப் பிடித்து எழுதப் பழக்கியது நான் என்பதால் அந்தக் குறை என்னையும் சேரும்.

உன் அத்தான் நன்றாக இருக்கிறார். காலையில் என்னோடு பியூட்டி பார்லருக்கு வருகிறார். துவைத்த துண்டுகளை மடித்து வைக்கிறார். இடது பக்கம் யாராவது வந்து நின்றால் திடுக்கிடுகிறார். டீயைச் சில நாள் டம்ளருக்கு வெளியே ஊற்றிவிடுகிறார். ஊரையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மலைவளைவில் திரும்பின கை அது.

"கண் விஷயம்" என்று எழுதியிருக்கிறாய். கண்ணைப் பற்றி நான் உன்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. டெப்போவைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று வாசலில் உட்கார்ந்திருந்த டிரைவர்களைப் போலீஸ் அடித்தது, இவருக்கு இடது கண் போனது. அந்தத் தடி உன் கையில் இல்லை. நான் கேட்பது அதற்கடுத்த நாள் மத்தியானத்தை.

ஆஸ்பத்திரி வார்டில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு கண்ணிலும் கட்டு. சுவரில் டி.வி. ஓடுகிறது. "எல்லாரும் குடிச்சிட்டு வந்து, அவங்களுக்குள்ளயே கல்லெறிஞ்சுக்கிட்டாங்க. என் அக்கா புருஷனும் அதுல ஒருத்தர். சொந்தக்காரன்னு நான் மறைக்க மாட்டேன்" என்று நீ சொல்கிறாய். வார்டில் எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மாள் உன் நேர்மையை மெச்சிக் கைதட்டினாள். இவர் தலையைத் திருப்பி, "யாரு பேசறது? சின்னவன் குரல் மாதிரி இருக்கே?" என்று கேட்டார். "இல்லை, வேற யாரோ" என்றேன்.

நீ சொன்ன அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவரை விசாரணைகூட இல்லாமல் வேலையைவிட்டு நீக்கினார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவராம். அவர் எதைக் குடிப்பார் என்று உனக்குத் தெரியாதா? உன் கல்யாண வீட்டில் உன் சிநேகிதர்கள் வற்புறுத்தியபோது மாடியிலிருந்து இறங்கி ஓடினவர்.

எந்த வாயால் சொன்னாயோ அந்த வாயால், ஊர் கேட்க, பொய் என்று சொல். மேடைக்கு வருகிறேன். மகள் வேலையை அவளே தேடிக்கொள்வாள்.

அக்கா

ஜனவரி 28

அன்புள்ள அக்கா,

நீ கேட்பது சின்ன விஷயம் மாதிரி இருக்கிறது. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? டிரைவர்கள் குடிக்கவில்லை என்றால் போலீஸ் ஏன் அடித்தது என்று அடுத்த கேள்வி வரும். அது மந்திரிவரைக்கும் போகும். என்னைக் கட்சியைவிட்டே தூக்கிவிடுவார்கள். தேர்தல் முடியட்டும். பிறகு நானே வீட்டுக்கு வந்து அத்தானிடம் தனியாகப் பேசுகிறேன்.

வெளியே நிலைமை மோசம். ஓட்டுக் கேட்டுப் போனால் வாசல் கதவைச் சாத்துகிறார்கள். திட்டினால்கூடப் பதில் சொல்லலாம், இவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சாத்துகிறார்கள். பஸ் நிறுத்தத்தில் ஒரு பாட்டி, "உங்க ஜீப்புல எடம் இருக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகணும், பஸ்ஸு வரல" என்று எல்லோர் முன்னாலும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இறக்கவும் முடியவில்லை. கூட்டம் சிரித்தது.

இதெல்லாம் உன் பார்லரில்தான் கிளம்புகிறது என்கிறார்கள். நான் நம்பவில்லை. என் அக்கா எனக்குக் கெடுதல் நினைக்கமாட்டாள்.

தம்பி

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள்.

பார்லரில் நான் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்துத் தண்ணீர் ஊற்றும்போது, "வேலைக்கு எப்படிப் போறீங்க?" என்று மட்டும் கேட்பேன். மீதியை அவர்களே பேசிவிடுவார்கள். நான் ஷாம்பு போடுவேன்.

உங்கள் மகளிரணிச் செயலாளர் நேற்றுத் தலைக்குச் சாயம் போட வந்தாள். "அண்ணன் ரொம்ப மனசு ஒடைஞ்சி போயிருக்காரு. நீங்க வந்து நின்னா போதும்க்கா" என்று கண் கலங்கினாள். சரி, வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உன் அத்தானும் வருவார். முன் வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல். கூடப்பிறந்தவனைக் கைவிட்டாள் என்ற பேர் எனக்கும் வேண்டாம்.

உன் அக்கா

பிப்ரவரி 12

அக்கா,

உன்னை அக்கா என்று எழுதக் கை கூசுகிறது.

நீ மேடையேறியபோது நான் எழுந்து வந்து உன் காலைத் தொட்டேன். ஊரே கைதட்டியது. மாலையை வாங்கிக்கொண்டாய். மகளிரணிச் செயலாளரிடமிருந்து மைக்கையும் வாங்கிக்கொண்டாய். "தம்பி பக்கத்துல நிக்கத்தான் வந்திருக்கேன். ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். பதில் சொன்னா, இந்த நிமிஷத்துலருந்து இவனுக்காக வீடு வீடா வந்து ஓட்டுக் கேப்பேன்" என்றாய். நானும் மடையன் மாதிரி சிரித்தபடி நின்றேன்.

"சின்னவனே, உங்க அத்தான் குடிப்பாரா?"

எதிரே முன் வரிசையில் அத்தான் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார். மேடையில் என் பின்னால் மந்திரி. ஆம் என்றால் ஊர் காறித் துப்பும், இல்லை என்றால் மந்திரி. நீயோ மைக்கை என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டே நிற்கிறாய், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. பின் வரிசையில் யாரோ, "சொல்லுப்பா!" என்றான். பிறகு எல்லோரும். மைக்கை அணைத்தபிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

இன்று பள்ளிக்கூடச் சுவர், பாலம், என் வீட்டு மதில், எல்லா இடத்திலும் கரியால் எழுதியிருக்கிறார்கள், "அத்தான் குடிப்பாரா?" என்று. போகிற வீட்டிலெல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள். பக்கத்துத் தொகுதியில் எங்கள் வேட்பாளருக்கு அக்காளே கிடையாது, அவரையும் கேட்கிறார்களாம்.

திட்டம் போட்டுத்தானே வந்தாய்?

தம்பி

பிப்ரவரி 16

சின்னவனுக்கு,

ஆமாம், திட்டம் போட்டுத்தான் வந்தேன்.

ஆனால் மேடையில் சொன்னது பொய்யில்லை. "மாட்டார்" என்று நீ சொல்லியிருந்தால் அன்றைக்கே செருப்பு தேயத் தெருத்தெருவாக நடந்திருப்பேன். சொல்லமாட்டாய் என்று தெரியும். தெரிந்துதான் மைக்கை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்தேன். எனக்கு இனித்தது. பெரிய மனசு இருக்கிறவர்கள் இதை மறைப்பார்கள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை.

உன் அத்தான் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "பாவம், புள்ள நடுங்கிட்டான்" என்றார். அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.

ஊர் உன்னைக் கேட்பதற்கு நான் பொறுப்பில்லை. பஸ் இல்லாமல் படிப்பை நிறுத்திய பெண்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பிரசவமானவள் இருக்கிறாள். அவர்களுக்கெல்லாம் கேட்க ஆயிரம் இருந்தது. வாய்க்கு வசதியாக ஒரு கேள்விதான் கிடைக்காமல் இருந்தது.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். டெபாசிட்கூடத் தேறவில்லை. மந்திரியும் தோற்றார், கட்சி ஆட்சியையே இழந்தது. எண்ணிக்கை மையத்திலிருந்து வெளியே வந்தபோது என் டிரைவர்கூட இல்லை. ஆட்டோவில் வந்தேன். ஆட்டோக்காரன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். வீட்டில் நாள் முழுவதும் அடித்த போன் இப்போது மேஜையில் சும்மா கிடக்கிறது.

உனக்குத் திருப்திதானே? இனி நான் எந்தக் கட்சியும் இல்லை, உன் தம்பி மட்டும்தான். அன்றைக்கு டி.வி.யில் பேசியதை நானா யோசித்துப் பேசினேன்? எழுதிக் கொடுத்தார்கள், படித்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அரசியலில் அது சகஜம். உனக்கு அது புரியாது. நம் வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்தது நீதான். ஆனாலும் மறந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரலாமா? உன் கையால் சாப்பிட்டு ரொம்ப நாளாகிறது.

உன் அன்புத் தம்பி

மார்ச் 26

சின்னவனுக்கு,

திருப்தியா என்று கேட்டாய். ஓட்டுப் போட்ட நாளன்று வரிசையில் நின்றவர்கள், "டிரைவரய்யா, முன்னால போங்க" என்று உன் அத்தானுக்கு வழிவிட்டார்கள். அவர் போகவில்லை, கடைசியில்தான் நின்றார். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, வேலை போன நாளிலிருந்து குனிந்தே இருந்த தலை நிமிர்ந்திருந்தது. ஆமாம், திருப்திதான்.

ஜெயித்தவன் யோக்கியன் என்று நான் நினைக்கவில்லை. டெப்போவைத் தனியாரிடமிருந்து மீட்காவிட்டால் அவனையும் கேட்போம், அவனும் மேடையேறத்தானே வேண்டும்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும், "அவ்வளவுதானா? இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். எதைத் தேடுகிறார் என்று இரண்டாம் முறை படிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. நானும் தேடினேன். கட்சி எழுதிக் கொடுத்தது இருக்கிறது. நான் செய்த தப்பு இருக்கிறது. நீ எங்களை மன்னிப்பதுகூட இருக்கிறது. அது மட்டும் இல்லை.

மேடையில் மந்திரி இருந்தார், உனக்குப் பயம். இந்தக் கடிதம் எழுதும்போது மந்திரி இல்லை, கட்சி இல்லை, இழக்க ஒரு பதவி இல்லை. நீயும் ஒரு வெள்ளைத் தாளும்தான். அப்போதும் உன் கை "மாட்டார்" என்ற அந்த ஒரு சொல்லை எழுதவில்லை. இவ்வளவு நாளும் நாற்காலிதான் உன்னைத் தடுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையும் நேற்றோடு போனது.

உன் அத்தான் எழுந்து போய்த் துண்டுகளை மடிக்க ஆரம்பித்துவிட்டார். இந்த முறை, "பாவம், புள்ள" என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வராதே. சோறு இருக்கிறது. போட எனக்கு மனமில்லை.

இப்படிக்கு,
டிரைவரின் மனைவி