நிக்காஹ் முடியும்வரை மருந்து வேண்டாம்

மயிலாப்பூர்
11-10-1943

என் அன்பான கய்யூமுக்கு,

உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பத்திரிகையைப் படித்துவிட்டு ஆம்பூரில் நீ சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாய். ஐந்து நாள் மழையடா, ஐந்து நாளும் ஒரு நாழிகை விடவில்லை. அடையாற்றுக்குக் கரை எது என்று தெரியவில்லை. கால்வாய்த் தண்ணீர் ரோட்டுக்கு ஏறிவிட்டது. மந்தைவெளிப் பக்கம் குடிசை என்று பேருக்குக்கூட ஒன்று மிச்சமில்லை. முந்நூறு பேரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து அடைத்திருக்கிறேன். கஞ்சி ஊற்ற அரிசிக்கு அலைகிறேன்.

கவுன்சிலர் ஆனால் மாலையும் மரியாதையுமாக இருக்கும் என்றுதானே என்னை எலெக்ஷனில் இழுத்துவிட்டாய்? விடிந்தால் வாசலில் முப்பது பேர். கால்வாய்க் கரைக் குடிசைக்காரி வேலம்மா நேற்று என் மூஞ்சிக்கு நேரே கேட்டாள்: “எலீஷன்ல மாலை போட்டுக்கினு எங்க கரையோரம் வந்தியே நைனா, இப்போ எங்க பூட்டே?” எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அவள் புடவையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. உன் அக்கா, நம் ஆபாதான் அவளைக் கூப்பிட்டுத் தன் வீட்டுப் பின்கட்டில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆபாவும் மகள் ஷாகிராவும் சௌக்கியம். சந்தில் முழங்கால் மட்டும் தண்ணீர் நின்றது, இப்போது வடிந்துவிட்டது. ஷாகிரா நிக்காஹ் சொன்னபடி பதினேழாம் தேதியே நடக்கும், நீ ஒன்றும் யோசிக்காதே. போன வருஷம் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே மூட்டை கட்டியபோதுகூட வீட்டை விடாதவள் உன் ஆபா, மழைக்கா பயப்படுவாள்?

ஒரு தமாஷ் கேள். வெள்ளம் புகுந்த கிணறுகளுக்கெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் சிவப்பு மருந்து போட உத்தரவு. வாந்திபேதி வராமல் இருக்கத்தான். நம் சந்துக் கிணற்றிலும் துரைராஜ் என்ற ஆள் வந்து போட்டுவிட்டுப் போனான். தண்ணீர் ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. பெண்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். உன் ஆபா என்னைக் கூப்பிட்டனுப்பி, “இன்னா பஞ்சு, கவுன்சிலர்னு பேருதான் பெருசா கீது. கல்யாண சோறு செவப்பா பொங்குனா மாப்ள ஊட்டுக்காரங்க இன்னா சொல்வாங்க? ஒரு கெணத்துக்கு ஒரு வாரம் லீவு குடுக்க முடியாதா உன்னால?” என்றாள். சிரித்துவிட்டேன். துரைராஜோ, “ஆர்டர் கீது சார், நீங்க எய்திக் குடுத்தா நிறுத்திக்கிறேன்” என்றான். உடனே ஒரு சீட்டு கிழித்து, ‘நிக்காஹ் முடியும்வரை இந்தக் கிணற்றுக்கு மருந்து வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் கையெழுத்துக்கு இந்த ஊரில் கிடைக்கிற மதிப்பு இவ்வளவுதான்.

சீக்கிரம் வந்து சேர். கல்யாண வேலைக்கு ஆள் இல்லை.

உன் பஞ்சாட்சரம்


ஆம்பூர்
19-10-1943

பிரியமுள்ள பஞ்சுவுக்கு,

கய்யூம் ஆயிரம் சலாம் சொல்லி எழுதுவது. நேற்றிரவு எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வழியெல்லாம் உன்னைப் பற்றித்தான் பேச்சு. வெள்ளக்காட்டில் இப்படியொரு கல்யாணத்தை நடத்திக் காட்டினாரே உங்கள் சிநேகிதர் என்கிறார்கள். சோறு வெள்ளைவெளேரென்று இருந்ததையும் சொன்னார்கள். அதற்கு நீ செய்த காரியத்தை ஆபா என்னிடம் சொன்னார்கள். கூடப் பிறந்தவன் நான், தோல் மண்டியைக் கட்டிக்கொண்டு இங்கே கிடந்தேன். நீதான் தம்பியாக நின்றாய். கிணற்றுக்கு இனிமேல் மருந்து போடச் சொல்லிவிடு, கல்யாணம்தான் முடிந்துவிட்டதே.

ஷாகிரா காட்பாடி வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். அம்மா தனியாக இருப்பார்களே என்பதுதான் அவளுக்குப் பெரிய கவலை. எங்களோடு வந்துவிடுங்கள் என்று நான் எவ்வளவோ கெஞ்சினேன். “எனக்கு என் ஊடுதான்பா” என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். நீ இருக்கிற தைரியத்தில்தான் விட்டு வந்தேன். ஒரு சின்னத் தலைவலி என்றாலும் தந்தி அடி. பகலோ ராத்திரியோ, கிடைத்த வண்டியில் ஏறிவிடுவேன். ஷாகிராவுக்கும் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உன் கய்யூம்


மயிலாப்பூர்
22-10-1943

அன்புள்ள கய்யூமுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. ஷாகிரா பக்கத்தில் இருந்தால் அப்பால் போகச் சொல்.

ஆபா நம்மை விட்டுப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் காய்ச்சல் என்று படுத்தாள், புதன்கிழமை சாயங்காலம் முடிந்துவிட்டது. கல்யாண அலைச்சல், மழை ஈரம், வயது எல்லாம் சேர்ந்துகொண்டது. டாக்டர் வந்து பார்த்தார். வேலம்மா கூடவே இருந்தாள்.

உனக்குத் தந்தி அடிக்க முடியவில்லை. மழையில் தந்திக் கம்பி அறுந்துவிட்டது என்றார்கள். ரயில் பாதையும் மறுபடி உடைந்து இரண்டு நாள் வண்டி கிடையாது என்று சொன்னார்கள். மய்யித்தை வைத்திருக்கக் கூடாது என்று பள்ளிவாசலில் பெரியவர்கள் சொன்னதால் அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டோம். நானும் மூன்று பிடி மண் போட்டேன்.

வேறு எழுத ஓடவில்லை.

பஞ்சாட்சரம்


ஆம்பூர்
26-10-1943

பிரியமுள்ள பஞ்சுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அல்லா கொடுத்தான், அல்லா எடுத்துக்கொண்டான். ஷாகிரா இரண்டு நாள் ஒரு வாய் சாப்பிடவில்லை. இன்றுதான் கஞ்சி குடித்தாள். நீ செய்த எல்லாவற்றுக்கும் எப்படி நன்றி எழுதுவதென்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தோல் தரகர் ஷரீஃப் பாய் துக்கம் விசாரிக்க வந்தார். புதன்கிழமை காலை சென்ட்ரலில் ஏறி அன்று மத்தியானமே ஆம்பூரில் இறங்கினாராம். வண்டி அரைமணி நேரம்கூடத் தாமதமில்லை என்கிறார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மண்ணடியிலிருந்து தன் மகனுக்குத் தந்தி அடித்ததாகவும் சொல்கிறார். அது இங்கே அன்றைக்கே வந்திருக்கிறது.

உன்னிடம் யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். யார் சொன்னது? ஆபாவுக்கு என்ன காய்ச்சல்? கடைசியில் ஏதாவது பேசினார்களா? என்னைக் கேட்டார்களா? ஷரீஃப் பாய் சொன்னதை ஷாகிராவிடம் நான் சொல்லவில்லை. உன் பதில் பார்த்துத்தான் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நீ என்னிடம் பொய் பேசியதில்லை.

உன் கய்யூம்


மயிலாப்பூர்
30-10-1943

கய்யூம்,

ரயில் ஓடியது. தந்திக் கம்பியும் நன்றாகத்தான் இருந்தது. என்னிடம் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. எல்லாம் நானாகச் சொன்னது. ஆபாவுக்கு வந்தது காய்ச்சல் இல்லை, வாந்திபேதி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேலம்மா ஓடி வந்தாள். “நைனா, அம்மாவுக்கு நிக்காம போய்க்கினே கீது, கண்ணு உள்ள பூட்ச்சு, சீக்கிரம் வா” என்றாள். போய்ப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளம் புகுந்த கிணறு, எட்டு நாளாக மருந்து இல்லை, என் சீட்டு. எனக்கு வேண்டிய டாக்டரைத்தான் கூப்பிட்டேன். அவர் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆபா வரமாட்டேன் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், நான்கு பேர் இருந்தோம். அவள் மறுத்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது. பாவி, இதை எழுதவும் கை வருகிறதே எனக்கு.

தபால் ஆபீசுக்குப் போனேன். தந்தி ஃபாரம் வாங்கி உன் பெயரும் எழுதினேன். அப்புறம் யோசனை வந்தது. தந்தி கிடைத்தால் நீ வருவாய். வந்தால் பெரிய டாக்டரைக் கூட்டிவருவாய். என்ன நோய் என்று ஊருக்குத் தெரியும். எந்தக் கிணறு, ஏன் மருந்து போடவில்லை, யார் சீட்டு கொடுத்தது என்று விசாரணை வரும். இந்த டிவிஷனில் அப்புறம் என் முகத்தில் யார் விழிப்பார்கள்? ஃபாரத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ கேட்டாயே, அதற்கும் பதில் சொல்லவேண்டும். உன்னைக் கேட்டாள். ஐந்து மணிக்கு, “பஞ்சு, தம்பிக்கு தந்தி குடுத்தியா?” என்றாள். “குடுத்துட்டேன் அக்கா” என்றேன். மறுநாள் காலையிலிருந்து வாசலில் எந்தச் சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடியாதபோது வேலம்மாவைப் பார்க்கச் சொன்னாள். “வண்டி லேட்டு போல கீது” என்று எனக்கே சமாதானம் சொன்னாள். சாயங்காலம் பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லும்போது போய்விட்டாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிணற்றுக்கு மருந்து போடவைத்தேன். அதற்குள் சந்தில் இன்னும் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டார்கள். துரைராஜிடமிருந்து சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டேன். மரணப் பதிவுக்கு ‘காய்ச்சல்’ என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

நீ என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். வந்து செருப்பால் அடித்தாலும் நிற்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

பஞ்சு


மயிலாப்பூர்
15-11-1943

அன்புள்ள கய்யூமுக்கு,

பதினைந்து நாளாகத் தபால்காரன் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன். அவன் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறான். இன்னொரு கடிதமும் எழுதினேன், தபாலில் போடவில்லை.

இங்கே வழக்கமான செய்திதான். பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். கால்வாய்க் கரையிலேயே மறுபடி குடிசை போடுகிறார்கள், வேறு எங்கே போவார்கள். வேலம்மாவும் போய்விட்டாள். தெருவில் பார்த்தால் பேசுகிறாள், நைனா என்று கூப்பிடுவதில்லை. உன் சந்துக்கு ஒரு குழாய் வேண்டுமென்று கூட்டத்தில் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று நான்கு பேர் கை குலுக்கினார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஆபா வீட்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து பெருக்கவைக்கிறேன். நீ வரும்போது சுத்தமாக இருக்கவேண்டும். எப்போது வருகிறாய்?

உன் பஞ்சு


ஆம்பூர்
2-12-1943

மயிலாப்பூர் டிவிஷன் கவுன்சிலர் திரு. பஞ்சாட்சரம் அவர்கள் சமூகத்துக்கு,

ஆம்பூர் அப்துல் கய்யூம் எழுதிக்கொண்டது.

காலஞ்சென்ற என் சகோதரி நஸ்ருன்னிசாவின் மரணம் ‘காய்ச்சல்’ என்று தங்கள் டிவிஷனில் பதிவாகியுள்ளது. அதை ‘வாந்திபேதி’ என்று திருத்தும்படி சுகாதார அதிகாரிக்கு மனு அனுப்பியிருக்கிறேன். கிணற்று மருந்தை நிறுத்தும்படி எங்கள் குடும்பம்தான் கேட்டது என்பதையும் மனுவில் எழுதியிருக்கிறேன். நான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன், புகழ்ந்து கடிதமும் எழுதினேன். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதற்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

தந்தி அப்படியில்லை. செவ்வாய் சாயங்காலம் அது வந்திருந்தால் ராத்திரி வண்டியில் ஏறி, விடிவதற்குள் நானும் ஷாகிராவும் அங்கே இருந்திருப்போம். எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன், இதை என்னால் தாண்ட முடியவில்லை. சீட்டு கொடுத்தவர் யார் என்று மனுவில் நான் எழுதவில்லை. அதை நீங்களே அதிகாரியிடம் சொல்வீர்களோ மாட்டீர்களோ, உங்கள் விருப்பம்.

வீட்டை விற்க ஏற்பாடு செய்தாகிவிட்டது. பதினோராம் தேதி ஷரீஃப் பாய் வருவார். சாவியை அவரிடம் கொடுத்துவிடவும். இதற்குப் பதில் எழுதவேண்டாம்.

ஷாகிராவிடம் நான் எதையும் சொல்லவில்லை. புது இடத்தில் வாழப்போகிறவள், அவள் மனதில் இதை ஏற்ற எனக்குத் தெம்பில்லை. ரயில்கூட ஓடாத நாளில் பெற்ற பிள்ளை மாதிரி அம்மாவின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட பஞ்சு மாமாவுக்குத் தன் சலாமை எழுதச் சொன்னாள். சொன்னதால் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்துல் கய்யூம்